எங்களைப் பற்றி

வெப்சைட் விஷயத்தில் நானும் என் சகலையும் போட்ட முதல் சண்டை ‘நாங்கள்’ என்ற வார்த்தைக்காக. கடைசிச் சண்டையும் அதற்காகத்தான். இரண்டுக்கும் நடுவே மூன்று மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன். அதை நினைத்தால்தான் இப்போது அதிகமாக எரிகிறது.

எங்களுடையது குஷன் கடை. சோபா, ஆபீஸ் நாற்காலி, டாக்டர் வீட்டு பெஞ்சு, எது உட்கார்ந்து உட்கார்ந்து குழி விழுந்து வந்தாலும் உரித்து, ஸ்பாஞ்ச் மாற்றி, துணி போர்த்திப் புதுசாக அனுப்புவோம். உள்ளே வேலை என்னுடையது. வெளியே பேச்சு சகலையுடையது. அவன் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். அளவு டேப்பை எந்நேரமும் கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு திரிவான். தூங்கும்போதாவது கழற்றுவானா என்று கொழுந்தியாளிடம் கேட்டிருக்கிறேன். “அதை ஏன் கேக்கறீங்க அத்தான்” என்று சிரிப்பாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்தேன் என்று யாரும் சொல்லக்கூடாது. “இந்தக் கலர் உங்க வீட்டுக்கு ஆறு மாசம்கூடத் தாங்காது” என்று முகத்துக்கு நேரே சொல்லி ஆட்களை விரட்டியிருக்கிறேன். சகலை பின்னாலேயே ஓடிப் போய்ச் சோப்புப் போட்டுத் திரும்பக் கூட்டிவருவான். அவன் வாயில் சர்க்கரை இருந்ததால்தான் கடை ஓடியது என்பதும் எனக்குத் தெரியும்.

அவன் வேலை பார்த்த அச்சகத்தை மூடிவிட்டார்கள். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவனை நான்தான் கூப்பிட்டேன். “உங்க கடைல நான் கூடமாட ஒத்தாசையா இருக்கேண்ணா” என்று வந்தான். “உங்க கடை என்ன உங்க கடை? நம்ம கடைன்னு சொல்லு” என்றேன். அன்றிலிருந்து பத்து வருடமாக அவனுக்கும் அது நம்ம கடை.

வெப்சைட் வேண்டும் என்று முதலில் சொன்னது அவன்தான். ஆபீஸ்காரர்கள் போன் பண்ணினால் முதல் கேள்வியே “வெப்சைட் இருக்கா?” என்பதுதானாம். இல்லை என்றதும் குரல் இறங்கிவிடுகிறதாம். சரி, செய்வோம் என்றேன். மூன்று பேர் வந்து பார்த்தார்கள். முதல் ஆள் கோட்டு போட்டு வந்து, பக்கத்தைத் திறந்ததும் இடது பக்கத்திலிருந்து ஒரு சோபா பறந்து வரும் என்றார். சோபா ஏன் பறக்க வேண்டும் என்று கேட்டேன். இரண்டாவது ஆள் கடைக்குள் இருந்த அரை மணி நேரமும் போனை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

மூன்றாவதாக வந்தவள் முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். தோளில் லேப்டாப் பை. உள்ளே வந்தவள், நான் முடித்து வைத்திருந்த நாற்காலி ஒன்றைத் தூக்கித் தலைகீழாகத் திருப்பினாள்.

“அடில யாரும் பாக்க மாட்டாங்களே சார், அங்கயும் ஏன் இவ்வளவு நெருக்கமா பின் அடிச்சிருக்கீங்க?” என்றாள்.

“பாக்க மாட்டாங்கன்னு விட்டா, ஒரு வருஷத்துல துணி தொங்கும். அப்ப பாப்பாங்க” என்றேன்.

“இதையே வெப்சைட்ல போடலாம் சார்” என்றாள். அந்த இடத்திலேயே எனக்குப் பிடித்துப்போய்விட்டது. வெப்சைட் பெண் என்றே அவளுக்குப் பெயர் வைத்துவிட்டோம்.

அடுத்த வாரம் எழுதிக்கொண்டு வந்து, பழைய சோபா ஒன்றில் சம்மணம் போட்டு உட்கார்ந்து படித்துக் காட்டினாள். ‘எங்களைப் பற்றி’ என்று ஒரு பக்கம். அதில் முதல் வரி, ‘நாங்கள் இருவர்.’

சகலை முகத்தைச் சுளித்தான். “நாங்கள் வேணாம்மா. நாம்னு போடு. நாங்கன்னு சொன்னா வந்தவங்கள வெளில நிக்க வச்சுக் கதவச் சாத்துற மாதிரி இருக்கு.”

“நாம் சோபா தைக்கிறோம்னு போட்டா, வர்றவன் அவன் பங்குக்கு ஊசி நூலோட வரணும்டா” என்றேன். வெப்சைட் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“அதுக்கில்லண்ணா. ஒரு வார்த்தைல மனுஷங்கள ஒதுக்கிடக் கூடாது பாருங்க.”

“யாரை ஒதுக்குறோம்? நாங்கன்னா யாரு? நீயும் நானும். செய்யறது நாங்க. குடுக்கறது அவங்களுக்கு. இதுல என்ன தப்பு?”

கால் மணி நேரம் கத்தினேன். கடைசியில் அவன் டேப்பை உருவிச் சுருட்டிக்கொண்டே, “சரிண்ணா, நாங்கள்னே இருக்கட்டும்” என்றான். நாங்கள் இருவர். பல வருடம் கூடவே இருந்தும் எங்கேயும் அப்படி எழுதிப் பார்த்ததில்லை. உண்மையைச் சொன்னால், அந்த இரண்டு வார்த்தையை அவளிடம் இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

பிறகு படம் எடுத்தாள். நானும் சகலையும் ஒரு பச்சை சோபாவுக்கு இரண்டு பக்கமும் நிற்கிற படம் ஒன்று. துணியை இழுத்துப் பிடித்திருக்கும் என் கைகளை மட்டும் கிட்டத்தில் ஒன்று. என் வலது கட்டைவிரல் நகம் எப்போதோ சுத்தியலடி பட்டு நடுவே பிளந்தது. அன்றிலிருந்து இரண்டு பாதியாகத்தான் வளர்கிறது. அது அசிங்கமாகத் தெரியும், வேண்டாம் என்றேன். அதுதான் வேண்டும் என்றாள்.

“நீங்க முதன்முதல்ல செஞ்ச நாற்காலி எது சார்?” என்று கேட்டாள்.

ஒரு பள்ளிக்கூட ஆபீஸ் நாற்காலி என்று சொன்னேன். பொய். முதல் நாற்காலி என் வீட்டு முன்னறையில் இருக்கிறது. மகள் பிறந்தபோது, பால் கொடுக்க உட்கார முடியாமல் முதுகு வலியில் என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அப்போது எனக்கு இந்த வேலையே தெரியாது. கிடந்த மர நாற்காலி ஒன்றில், தலையணையைக் கிழித்துப் பஞ்சை எடுத்து வைத்து, கோணல் மாணலாகத் தைத்துக் கொடுத்தேன். உட்கார்ந்து பார்த்துவிட்டு அவள் அழுதாள். அதை வெப்சைட்டில் போட்டு ஊருக்கெல்லாம் காட்ட எனக்கு மனசில்லை. அது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்தது. சகலை அந்தக் குடும்பத்துக்குள் வந்ததே மகள் நடக்க ஆரம்பித்த பிறகுதான்.

படம் எடுத்தாயிற்று, எழுதியாயிற்று, ஆனால் வெப்சைட் வெளியே வரவில்லை. கேட்டால் சகலை ஏதாவது ஒன்று சொல்வான். எழுத்து சின்னதாக இருக்கிறது, கலர் மங்கலாக இருக்கிறது, இன்னும் இரண்டு வாரம் ஆகட்டும் என்பான். வெப்சைட் பெண்ணிடம் பேசுவதெல்லாம் அவன் பொறுப்பு. சாப்பாட்டு வேளையில்கூடப் போனோடு வாசலுக்குப் போய் நின்றுகொள்வான்.

“நம்ம கடைமேல அவனுக்குத்தான் எத்தனை அக்கறை” என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த துணியையே பிரித்து மறுபடியும் மடித்தாள். ஏன் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

ஒரு புதன்கிழமை பதினோரு மணி இருக்கும். சகலை அளவெடுக்க வெளியே போயிருந்தான். நான் ஒரு சோபாவைக் கவிழ்த்துப் போட்டு ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தேன். வெப்சைட் பெண் போன் பண்ணினாள்.

“சார், அவர் போன் எடுக்கல, அதான் உங்களுக்குப் பண்ணேன். ரெண்டாவது கடை சைட்டுலயும் இதே கை படத்தையே போட்டுட்டேன். அதுவே இருக்கட்டுமா, இல்ல புதுசா ஒண்ணு எடுக்கணுமா?”

கையில் இருந்த குறடு அப்படியே நின்றது. எந்த இரண்டாவது கடை என்று வாய்வரை வந்துவிட்டது. அதை விழுங்கினேன். என் வாழ்க்கையில் நான் கோபத்தை அடக்கிய ஒரே சந்தர்ப்பம் அது.

“பாத்துட்டு சொல்றேம்மா. எனக்கு ஒரு தடவ அனுப்பு” என்றேன்.

அனுப்பினாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ‘நம்ம ரெண்டாவது கடை’ என்றுதான் அவன் அவளிடம் சொல்லி, பேரும் வாசகமும் அவனே கொடுத்திருக்கிறான்.

கவிழ்த்துப் போட்ட சோபாவின் கால் ஒன்றில் சாய்ந்துகொண்டு பார்த்தேன். கடைப் பெயர் வேறு. முகவரி, புதிதாக ஆபீஸ் கட்டடங்கள் எழும்பியிருக்கிற பக்கம். போன் நம்பர் நான் பார்த்தேயிராதது. மேலே அந்தப் பச்சை சோபா. அதன் பக்கத்தில் டேப்போடு சகலை சிரித்துக்கொண்டு நிற்கிறான். நான் நின்ற பக்கத்தை வெட்டியிருந்தார்கள். வெட்டியதும் சரியாக வெட்டவில்லை. ஓரத்தில் என் நீலக் கட்டம் போட்ட சட்டையின் கை மட்டும், முழங்கை வரை, மிச்சம் இருந்தது. அதற்குக் கீழே துணியை இழுத்துப் பிடித்திருக்கும் இரண்டு கைகள், பிளந்த நகத்தோடு.

‘எங்களைப் பற்றி’ என்ற இடத்தைத் தொட்டேன். சகலையும் கொழுந்தியாளும் ஜோடியாக நிற்கிற படம் வந்தது.

‘நாங்கள் இருவர். கணவனும் மனைவியும். பதினான்கு வருடமாகக் குஷன் வேலை செய்கிறோம். யாரும் பார்க்காத அடிப்பக்கத்திலும் நெருக்கமாகப் பின் அடிக்கிறோம்.’

பதினான்கு வருடம் என்னுடையது. பின் என்னுடையது. பல்லைக் கடித்துக்கொண்டு மேலே படித்தேன்.

‘எங்கள் முதல் நாற்காலி கடையில் செய்ததல்ல. குழந்தைக்குப் பால் கொடுக்க உட்கார முடியாமல் தவித்த ஓர் இளம் தாய்க்காக, தலையணையைக் கிழித்துப் பஞ்சை எடுத்து, வீட்டிலேயே தைத்தோம்.’

கடையைத் திருடினால் கடைதானே போயிற்று என்று விடலாம். இதை எங்கிருந்து எடுத்தான்? அது மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. நானாக எப்போதாவது உளறியிருப்பேனோ என்றுகூட என்னையே சந்தேகப்பட்டேன்.

சகலை பன்னிரண்டு மணிக்கு வந்தான். “செம வெயில்ண்ணா” என்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். நான் போனை நீட்டினேன். பார்த்ததும் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

“அண்ணா, சொல்லலாம்னுதான்...”

“எப்ப? உன் கடை பால் காய்ச்சின பிறகா?”

“நீங்க கத்துவீங்க.”

“இப்ப மட்டும் கொஞ்சுறேனா?”

அவன் உட்காரவில்லை. கவிழ்ந்த சோபா எங்கள் இருவருக்கும் நடுவே கிடந்தது. “பக்கத்து ஹாலையும் எடுப்போம், ரெண்டு ஆள் போடுவோம்னு மூணு தடவ கேட்டேண்ணா. மூணு தடவயும் கத்தியே அனுப்பிட்டீங்க. எனக்கும் நாப்பத்திரண்டு வயசாச்சு. எத்தன நாளைக்குத் தூதுவனாவே இருக்கறது? நாங்களும் தனியா ஒண்ணு பண்ணிப் பாக்கலாமேன்னு...”

“நாங்களா? நாங்கன்னா யாரு?”

அவனுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். டேப்பின் நுனியைத் திருகிக்கொண்டே தரையைப் பார்த்தான். அன்றைக்கு ஒரு வார்த்தையில் மனுஷங்களை ஒதுக்கக் கூடாது என்று எனக்கே பாடம் எடுத்தவன். கதவைச் சாத்துகிற மாதிரி இருக்கும் என்று சொன்னவன். சாத்தினால் எப்படி இருக்கும் என்று அவனுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

“நானும் உங்க கொழுந்தியாளும்” என்று ஆரம்பித்து, “வீட்ல பேசித்தாண்ணா...” என்று இழுத்தான்.

மூன்று தடவை கேட்டான் என்பது உண்மை. கத்தினேன் என்பதும் உண்மை. ஆனால் ‘போறேண்ணா’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தால், நாள் முழுக்கக் கத்தியிருப்பேன், இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டேன், மூன்றாம் நாள் என் ஸ்டேப்ளர் துப்பாக்கியை நானே தூக்கிக்கொண்டு போய் அவன் கடையில் வைத்திருப்பேன். என்னோடு இத்தனை காலம் இருந்தவனுக்கு இது தெரியாதா? தெரிந்தும் என் தலையில் மிளகாய் அரைத்தான்.

“கை என்னோடது. கதை என்னோடது. சட்டைக் கை வரைக்கும் என்னோடது. எதையாவது சொந்தமா வச்சிருக்கியாடா?” என்று கேட்டுவிட்டு, அவன் பதிலுக்கு நிற்காமல் வெளியேறினேன். கவிழ்த்த சோபாவை அப்படியே போட்டுவிட்டுக் கடையை விட்டு வந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் மனைவியிடம் சொல்லப்போவதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். சொன்னால் பாதிப் பாரம் இறங்கும் என்று ஒரு நினைப்பு. தங்கை வீட்டுக்காரன் என்றுகூடப் பார்க்காமல் நாலு வார்த்தை திட்டுவாள், நான் கொஞ்சம் அடங்குவேன். எங்கள் வீட்டில் அப்படித்தான் வழக்கம்.

அவள் முன்னறையில் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். என் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். புதுக் கடை, புது நம்பர், வெட்டின படம், என் கை. அவள் ஊசியை இழுத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். எந்தக் கடை என்று கேட்கவில்லை. எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. ஐயோ என்றுகூடச் சொல்லவில்லை.

“நீ உக்காந்திருக்கியே இந்த நாற்காலி, இதுகூட அதுல இருக்கு. இது எப்படி அவனுக்குத் தெரியும்?” என்றேன்.

அவள் தைத்து முடித்த பட்டனையே இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தங்கச்சி கேட்டா” என்றாள். “ஏதாவது நல்லதா எழுதணும், படிக்கறவங்க மனசுல நிக்கணும்னா. எனக்கு இதுதான் தோணிச்சு. சொன்னேன். அவங்க பேருல போட்டுக்குவாங்கன்னு சத்தியமா நினைக்கலங்க.”

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை, கூப்பிட்டாலும் வரவில்லை.

“அவளுக்கும் ஒரு வழி வேணாமா? ரெண்டு பிள்ளைங்க. உங்ககிட்ட யாரு வாயத் திறக்க முடியுது, நீங்களே சொல்லுங்க. நேரம் பாத்து நாங்க உங்ககிட்ட சொல்லணும்னுதான் இருந்தோம்.”

நாங்க. இருந்தோம்.

யாரு என்று கேட்கத் தேவையில்லாமல் போய்விட்டது. அவள், அவள் தங்கை, சகலை. எத்தனை நாள் இந்த அறையில், இதே நாற்காலியைச் சுற்றி உட்கார்ந்து, என்னிடம் எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது என்று பேசியிருப்பார்கள். நான் கடையில் ஆணி பிடுங்கிக்கொண்டிருந்திருப்பேன். கட்டி வந்து இருபத்தைந்து வருடத்தில், என்னிடம் பேசும்போது என்னைச் சேர்க்காமல் அவள் ‘நாங்க’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. அது வாயில் வந்தது அவளுக்கே தெரியவில்லை. தெரிந்து சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

போன் அடித்தது. வெப்சைட் பெண். சகலையோ கொழுந்தியாளோ அவளிடம் பேசியிருக்க வேண்டும், குரல் கம்மியிருந்தது.

“சார், எனக்குத் தெரியாது சார். பிராஞ்ச்னுதான் சொன்னாங்க. உங்க படத்தையும் அந்தக் கதையையும் எடுத்துட்டேன். உங்க சைட் ரெடியா இருக்கு. ஆனா ‘எங்களைப் பற்றி’ பக்கத்த இப்ப என்ன பண்றது?”

“நான்-னு மாத்தும்மா.”

“நாங்கள் இருவர்ங்கறதயா?”

“எல்லாத்தயும். நாங்கள் வர்ற இடமெல்லாம் நான்.”

“அது மட்டும் மாத்தினாப் பத்தாது சார். செய்கிறோம், தைக்கிறோம், மாற்றித் தருகிறோம்னு எல்லாமே ஓம்லதான் முடியுது.”

“ஒவ்வொண்ணா படி. சொல்றேன்.”

படித்தாள். செய்கிறோம் என்றாள்; செய்கிறேன் என்றேன். தைக்கிறோம், தைக்கிறேன். வீட்டுக்கே வந்து அளவெடுக்கிறோம் என்றாள். அது இத்தனை நாள் சகலையின் வேலை. அளவெடுக்கிறேன் என்றேன்.

மனைவி எழுந்து, தைத்த சட்டையை நாற்காலிக் கையில் போட்டாள். ஒரு ஸ்டூலை இழுத்து நாற்காலிக்கு எதிரே வைத்தாள். “என்னங்க, அந்தப் போன வச்சுட்டு இப்படி வாங்க. உக்காந்து பேசுவோம்” என்றாள். கண் கலங்கியிருந்தது.

“எல்லாம் முடிஞ்சுது சார்” என்றது போனில் குரல். “கடைசில போன் நம்பருக்கு மேல மட்டும் ‘வாருங்கள், பேசுவோம்’னு ஒரு வரி இருக்கு. அது அப்படியே இருக்கட்டும்ல? அது உங்களயும் வர்றவங்களயும் சேத்துச் சொல்றதுதான. தப்பில்ல.”

ஸ்டூலைப் பார்த்தேன். அதன் குஷனும் நான் தைத்ததுதான்.

“வாருங்கள் மட்டும் போதும்” என்றேன். “பேசுவோமை எடுத்துடும்மா.”